குரலைக் கேட்க ஒரு கருவி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியில் ஹெட்போன் வாங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கவிதையும் நாடகமும் சிறுகதையும் இன்று கண் வழியாக மட்டுமன்றிக் காது வழியாகவும் நம்மிடம் வருகின்றன. இந்த உரையைக்கூட நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வாசிப்பவர் தமது மூக்குக்கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படுவது போலக் கேட்பவரும் தமது கருவியைப் பற்றிச் சற்றுக் கவலைப்படுவதில் தவறில்லை என்று கருதுகின்றேன்.

என்னை இந்த விடயத்தில் இழுத்துவிட்டவர் எனது ஐயா. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஒலிபரப்பான காலத்திலிருந்து வானொலி நாடகம் என்றால் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்காருகின்றவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் ஒரு குறை சொல்லத் தொடங்கினார்.

“இப்ப வாற அறிவிப்பாளருக்கு உச்சரிப்பே இல்லைத் தம்பி. சொல்லை விழுங்கிறாங்கள். ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை.”

நானும் தலையாட்டினேன். பழைய ஆசிரியர்கள் எல்லோரும் சொல்கின்ற குறைதானே என்று விட்டுவிட்டேன். பிறகு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். பின்னர் இன்னும் கூட்டினார். அதன் பின்னர் வானொலி கேட்பதையே விட்டுவிட்டார். நண்பர்களின் நூல் வெளியீடுகளுக்குப் போவதும் நின்றுபோயிற்று. ஒரு நாள் என் மனைவிதான் கேட்டார்: “மாமாவுக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குதோ எண்டு எப்பவாவது பாத்தனீங்களோ?” நான் பார்க்கவில்லை. மூன்று வருடங்கள் பார்க்கவில்லை.

காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் அழைத்துச் சென்று செவிப் பரிசோதனை செய்வித்தோம். வயது ஏறும்போது முதலிற் குறைவது உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் ஆற்றல். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தவை, பலமானவை. சகரம், தகரம் போன்ற மெய்யொலிகள் உயர்ந்தவை, மெலிந்தவை. ஆகவே முதியவருக்கு உயிர் கேட்கும், மெய் தப்பிவிடும். “சத்தம் கேக்குது, சொல் விளங்கேல்லை” என்று வைத்தியரிடம் ஐயா சொன்னது அதைத்தான். அறிவிப்பாளர்கள் சொல்லை விழுங்கவில்லை. ஐயாவின் காதுதான் அதை விட்டுவிட்டது.

வைத்தியர் செவிப்புலன் உதவிக் கருவியை எழுதிக் கொடுத்தார். வீட்டில் கதைப்பதற்கு அது உதவுகின்றது. கேள்விக் குறைவுக்கு ஹெட்போன் மருந்தல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகின்றேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் அறிவிப்பாளர்களைக் குறை சொல்லத் தொடங்கினால் முதலிற் செல்ல வேண்டிய இடம் கடையன்று, வைத்தியரிடம்.

ஆயினும் வானொலி நாடகத்தை நிதானமாகக் கேட்க ஒரு ஹெட்போன் வேண்டுமென்று ஐயா விரும்பினார். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் ஒன்றை என் தலையில் மாட்டி, மேளம் அதிரும் ஒரு திரைப்பாடலைப் போட்டார். மண்டை முழுவதும் இடித்தது. நல்ல சாமான்தான் என்று எண்ணி வாங்கி வந்தேன். ஐயா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றினார். “கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தக் கருவி தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. தாழ்ந்த ஒலி பலமாக இருக்கும்போது அதற்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும். இது நமது செவியின் இயல்பு. பேச்சின் தெளிவோ பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையிலான பகுதியிற்றான் தங்கியிருக்கின்றது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹேட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை காதலித்தது, சண்டை பிடித்தது, மரணச் செய்தி சொன்னது. ஆகவே பெட்டியில் 20 முதல் 20,000 ஹேட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எல்லைக்குள் எந்த ஒலி கூடும், எந்த ஒலி குறையும் என்பதை அந்த எண்கள் சொல்லமாட்டா.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? எங்கே கேட்கப் போகின்றோம் என்பது முதற் கேள்வி. ஹெட்போன்களிற் பின்புறம் மூடியவை உண்டு, திறந்தவை உண்டு. திறந்த வகையை 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற பெயரில் வெளியிட்டது. மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த அந்தக் கருவி பெரும் புகழ் பெற்றது. திறந்த வகையிற் குரல் தலைக்குள் அடைபட்டது போலன்றி, எதிரே ஒருவர் இருந்து பேசுவது போல இயல்பாகக் கேட்கும். காது வியர்க்காது. நமது வெப்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. ஆனால் உள்ளே கேட்பது வெளியே கசியும். வெளிச்சத்தம் உள்ளே வரும். அமைதியான வீட்டுக்கு அது நல்லது. காலி வீதி பஸ்ஸுக்கு உதவாது.

பஸ்ஸிற் கேட்பவருக்கு மூடிய வகையோ காதுத் துளைக்குள் செருகும் வகையோ வேண்டும். இப்போது இரைச்சலை அழிக்கும் கருவிகளும் வந்துள்ளன. வெளியே வரும் ஒலியை ஒரு சிறு ஒலிவாங்கி கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிடுகின்றன. 1978இல் விமானப் பயணமொன்றின்போது அமர் போஸ் என்ற பொறியியலாளருக்கு இந்தக் கருவியைச் செய்யும் எண்ணம் தோன்றியது. பஸ் எஞ்சின், மின்விசிறி போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை இது நன்றாகக் குறைக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் அரட்டையை அவ்வளவாகக் குறைக்காது. வீதியைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். ஹோர்ன் சத்தத்தையும் கேட்க வேண்டுமே!

இரண்டாவது கேள்வி, வயரா புளூடூத்தா என்பது. புளூடூத் வசதியானது. ஆயினும் அதற்குள் ஒரு சிறு பற்றறி இருக்கின்றது. சில ஆண்டுகளில் அது தளரும். பல கருவிகளில் அதை மாற்றவும் முடியாது. வயர் வைத்ததோ கவனமாகப் பாவித்தால் நெடுங்காலம் உழைக்கும். காதுப் பஞ்சையும் வயரையும் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் ஹெட்போன் துளை இல்லாத கைத்தொலைபேசிகள் பெருகிவிட்டன. அவற்றுக்குச் சிறிய இணைப்பி ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஓம் என்ற கணக்கு. கைத்தொலைபேசிக்கும் சிறு வானொலிக்கும் 16 முதல் 32 ஓம் வரையிலானவை பொதுவாகப் பொருந்தும். 250, 300 ஓம் என்று எழுதியவை விலையில் உயர்ந்தவையாக இருக்கலாம். ஆனால் தனியான மின்பெருக்கி இல்லாவிட்டால் அவற்றிற் பல சோர்ந்து ஒலிக்கும். பிறகு பாரம், இறுக்கம். ஒரு மணித்தியால நாடகத்தைக் கேட்கும்போது மூக்குக்கண்ணாடியின் காம்பை அது அழுத்தினால் நாடகம் மனதில் நிற்காது.

இரண்டாம் முறை ஐயாவையே அழைத்துச் சென்றேன். திரைப்பாடல் வேண்டாம் என்று சொல்லி, எனது கைத்தொலைபேசியில் ஐயாவுக்குப் பழக்கமான ஒரு குரலைப் போட்டேன். நான் பதிவுசெய்து வைத்திருந்த சில சொற்களையும் போட்டேன்: வாலி, வாளி, வாழி, மலை, மழை, அரை, அறை. ஒவ்வொரு கருவியாக மாட்டி, கேட்டதைத் திருப்பிச் சொன்னார். கடைக்காரப் பையன் முதலிற் சிரித்தான். பிறகு அவனும் மாட்டிப் பார்த்தான். நான்காவது கருவியில் ஐயா ஏழு சொற்களையும் பிழையின்றிச் சொன்னார். அது அந்த வரிசையில் ஆக விலை கூடியதல்ல; நடுத்தர விலையில், திறந்த வகையில், வயருடன் இருந்தது. அதைத்தான் வாங்கினோம். இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். இதற்குச் செலவில்லை.

நேயர்களே, எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. வயது வந்தவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிறுவர்களுக்கு அதே 40 மணித்தியாலத்துக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகின்றது. 83 என்றால் 20 மணித்தியாலம். 90 டெசிபெல் என்றால் ஏறத்தாழ 4 மணித்தியாலம். உட்செவியில் ஒலியை உணர்த்தும் நுண்மயிர்க் கலங்கள் மனிதருக்கு அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. குரல் தெளிவாகக் கேட்கும் கருவியை வாங்கினால் சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவையே குறைகின்றது. தெளிவில்லாத கருவிக்குத்தான் நாம் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டே போகின்றோம்.

இன்னொரு கவலையும் உண்டு. ஹெட்போன் மனிதரைத் தனியாக்கிவிடுகின்றதே என்பது. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி வானொலி ஒலிபரப்பு முறையாக ஆரம்பித்தபோது உலகெங்கும் பலர் ஹெட்போனிற்றான் வானொலி கேட்டார்கள். அன்றைய கிறிஸ்டல் செற்றுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் வலு இல்லை. ஒலிபெருக்கி வைத்த பெட்டிகள் வந்த பின்னரே குடும்பம் சுற்றியிருந்து கேட்டது. 1979இல் சோனி நிறுவனம் வோக்மனை வெளியிட்டு மறுபடியும் நம்மைத் தனியாக்கியது. ஆனால் அந்த முதல் வோக்மனில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. தனியாகக் கேட்பது அருகிலிருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று சோனியின் தலைவர் அகியோ மொரீற்றா எண்ணியதே அதற்குக் காரணம்.

எனக்கு அந்த இரண்டு துளைகளும் நினைவூட்டுவது வேறொன்றை. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் நாங்கள் வானொலி கேட்டோம். சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் குரலும் தளரும். “சுத்தடா தம்பி, முக்கியமான இடம்!” என்று ஐயா அதட்டுவார். முற்றத்திற் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒரு சொல்லுக்காக அப்படி மூச்சை அடக்கிக் காத்திருந்த மனிதர், எனது வீட்டில் மூன்று வருடம் சொல் கேளாமல் இருந்திருக்கின்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

இப்போது எங்கள் வீட்டிற் கைத்தொலைபேசியின் துளையில் ஒரு பிரிப்பான் செருகியிருக்கின்றது. சில நூறு ரூபா சாமான். ஒரு வயர் ஐயாவுக்கு, மற்றது என் மகளுக்கு. ஐயாவுக்குச் சத்தம் சற்றுக் கூட வேண்டும்; பிள்ளைக்கு அது ஆகாது. ஆதலால் மகளின் வயரிற் சத்தத்தைக் குறைக்கும் சிறு சக்கரம் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பழைய வானொலி நாடகங்களின் பதிவுகளைக் கேட்கிறார்கள். மகள் இடையில் நிறுத்தி, ஒரு பக்கத்தைத் தூக்கி, “அப்பப்பா, இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?” என்று கேட்கின்றாள். ஐயா தமது உதவிக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, வகுப்பெடுக்கத் தொடங்குகின்றார். நாடகம் காத்திருக்கின்றது.

அறிவிப்பாளர்களைப் பற்றிய முறைப்பாடு இன்னும் முற்றாக நின்றுவிடவில்லை. சென்ற வாரமும் ஒருவரின் ழகரம் பிழையென்றார். நான் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன். இந்த முறை ஐயா சொன்னதுதான் சரி.