சுவாதியின் முகம்



நம்ம கீழப்பாவூர் நரசிம்மருக்கு உகந்த நட்சத்திரம் எது? கைக்குழந்தையைத் தவிர எல்லாரும் சொல்லிவிடுவீர்கள், சுவாதி என்று. சுவாதி அன்று வெளியூர்க் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். சரி, அந்தச் சுவாதி வானத்தில் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். இரண்டு கை. அதில் ஒன்று மைக்காரர் கை, ஒயரைச் சரிசெய்யத் தூக்கியிருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் நாற்பது வயது வரைக்கும் தெரியாது. ஜாதகக் கட்டத்தில் பெயரைப் பார்த்திருக்கிறோம், முகத்தைப் பார்த்ததில்லை.

அந்த முகத்தைப் பார்க்கும் முன், நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தம்பிமார்களே, சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறீர்களா? பத்துப் பதினைந்து அடி அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். காற்றை நெருக்கினால் சூடேறும். நட்சத்திரம் பிறக்கிற சங்கதி இவ்வளவுதான். அங்கே பம்பு அடிப்பது ஈர்ப்பு விசை. வாயுத் திரள் தன் பாரத்தாலேயே உள்ளே இறுகி இறுகி, நடுவில் ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஹீலியமாகத் தொடங்கும். அதில் பிறக்கும் வெப்பம் வெளியே தள்ளும், பாரம் உள்ளே அழுத்தும். இந்த மல்லுக்கட்டு நடக்கிற வரைக்கும் நட்சத்திரத்துக்கு ஆயுசு.

பாரம் போதாவிட்டால்? அதுதான் வியாழன். 2024 மே 1-ஆம் தேதி குருப்பெயர்ச்சிக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினோமே, அந்தக் குரு பகவான். சூரியனைப் போலவே ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் அவருக்கும் உடம்பு. ஆனால் எடை சூரியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுமார் எண்பது வியாழனை ஒன்றாக உருட்டினால்தான் உள்ளே அடுப்புப் பற்றும். பற்றாததால் சூரிய வெளிச்சத்தைத்தான் நமக்குத் திருப்பி அனுப்புகிறார்.

சூரியனின் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி. விநாடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் எடை காணாமல் போய் வெப்பமும் ஒளியுமாகிறது. கேட்டால் பயங்கரமான தீ என்று தோன்றும். ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் உடம்பு தரும் சூடு சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். பின்வரிசையில் கண்ணசந்திருக்கும் அண்ணாச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உள்ளே அவ்வளவு மெதுவாக, மூட்டம் போட்ட மாதிரி கனிகிறது. சூரியன் மலைபோலப் பெரிது என்பதால்தான் மொத்தச் சூடும் நம்மை மேயில் வறுத்தெடுக்கிறது. மெதுவாகக் கனிவதால்தான் 460 கோடி வருஷமாக அணையாமல் இருக்கிறது.

மேற்பரப்பில் 5,500 டிகிரி. அதற்கும் வெளியே, மெல்லிய வாயுவாகப் படர்ந்திருக்கும் ஒளிவட்டத்தில் பத்து லட்சம் டிகிரிக்கு மேல்! அடுப்பை விட்டு விலகி நடந்தால் சூடு கூடுமா? கூடுகிறது. ஏனென்று இன்னும் யாரும் முழுசாக அவிழ்க்கவில்லை. அதையும் ஆராயத்தான் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலம் போயிருக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிலைகொண்டது. பூமியின் நிழல் குறுக்கே விழாத இடம் அது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜிக்கு ஊர் எது? தென்காசியைத் தாண்டினால் செங்கோட்டை. விவசாயி மகள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர்.

இப்போது சுவாதிக்கு வருகிறேன். அதன் வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்துசேர ஏறக்குறைய 37 வருஷம் ஆகிறது. இன்று ராத்திரி நீங்கள் பார்க்கப்போகும் வெளிச்சம், செங்கோட்டைப் பெண் இஸ்ரோ வாசலில் நுழைந்த காலத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பியது.

கொல்லப்பட்டறையில் துருத்தி ஊத ஊத இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெளுப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரமும் அப்படித்தான், நிறத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடலாம். சித்திரை நட்சத்திரம் நீலம் கலந்த வெள்ளை, 20,000 டிகிரிக்கு மேல். சுவாதி ஆரஞ்சு, சுமார் 4,000. எடையில் கிட்டத்தட்ட நம் சூரியன்தான், வயதில் மூத்தது. நடுவில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோய், சுற்றியிருக்கிற ஓட்டில் எரிகிறது. அதனால் மேலுடம்பு ஊதி, சூரியனைப் போல 25 மடங்கு அகன்று, ஆறிச் சிவந்து நிற்கிறது. இன்னும் 500 கோடி வருஷத்தில் நம் சூரியனுக்கும் இதே கோலம்தான்.

மைக்காரத் தம்பி, பேசி வைத்தபடி டியூப் லைட்டையெல்லாம் ஐந்து நிமிஷம் அணையுங்கள். பிள்ளைகள் எழுந்து ஓடாதீர்கள், உட்கார்ந்தபடியே அண்ணாந்தால் போதும். வடக்கே அகப்பை மாதிரிச் சப்தரிஷி மண்டலம் தெரிகிறதா? அந்தக் காம்பு வளைந்திருக்கும் போக்கிலேயே கண்ணை ஓட்டுங்கள். மேகம் விலகட்டும், கொஞ்சம் பொறுங்கள்... அந்தா! உச்சியில், செம்மஞ்சளாக.