ஓர் ஏடு, மூன்று களங்கள்

இந்நாளில் கணிப்பொறி அமைப்பு ஒன்றை நிறுவுவதற்குக் கையில் கம்பியும் திருப்புளியும் வேண்டுவதில்லை. எத்தனை சர்வர்கள் வேண்டும், யார் யார் உள்ளே வரலாம் என்பவற்றைக் கோப்பில் எழுதிக் கொடுத்தால், டெர்ராஃபார்ம் என்னும் கருவி அதனைப் படித்து, கிளவுடில் அவ்வாறே அமைத்துத் தருகிறது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவி அது.

ஆயின், ஒரே அமைப்பு மூன்று களங்களில் வேண்டியிருக்கிறது: மென்பொருளை எழுதிப் பார்க்க ஒன்று, சோதிக்க ஒன்று, மக்கள் பயன்படுத்த ஒன்று. இத்தொழிலுக்கு நான் புதியவனாய் இருந்தபோது, முதற் களத்தின் கோப்புகளை இருமுறை படியெடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது, பெருமையாகவும் இருந்தது.

சில திங்கள் கழித்து ஒரு குறை கண்டேன். தரவுத்தளத்தின் 5432-ஆம் எண் போர்ட், அதாவது அதன் வாயில், உலகம் முழுமைக்கும் திறந்திருந்தது. முதற் படியில் திருத்தினேன், இரண்டாவதிலும் திருத்தினேன். யாரோ அழைக்கவே எழுந்து போனேன். மக்கள் பயன்படுத்தும் மூன்றாவது களம் நான்கு மாதம் திறந்தே கிடந்தது! முன்பின் அறியாத முகவரிகள் பல அவ்வாயிலைத் தட்டியிருப்பதை நண்பர் ஒருவர் பதிவேட்டில் கண்டு சொன்னார். கடவுச்சொல் வலியதாய் இருந்தமையால் ஒன்றும் களவு போகவில்லை. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் கையில் பாடபேதம் பிறந்ததுபோல, என் கையிலும் பிறந்துவிட்டது.

பொதுவானவற்றை ஒரே இடத்தில் எழுதுவதே இதற்கு மாற்று. அதனை மாட்யூல் என்பர். மூன்று களங்களும் அதனையே அழைக்கும். சர்வரின் அளவு, எண்ணிக்கை போன்று வேறுபடுவன மட்டும் களத்துக்கு ஒன்றான சிறு கோப்பில் இருக்கும். எதை எதை அமைத்தோம் என்று கருவி குறித்துவைக்கும் ‘ஸ்டேட்’ என்னும் நினைவேட்டை மட்டும் களந்தோறும் தனியே வைத்தல் வேண்டும். இல்லையேல் சோதனையில் நேரும் பிழை மக்களின் களத்தைத் தொட்டுவிடும்.

மாட்யூலுக்குப் பதிப்பெண்ணும் இடுகிறோம். சோதனைக் களம் 1.4-ஐ முயன்று பார்க்கையில், மக்களின் களம் 1.3-இலேயே நிற்கும். இங்கும் மறதி நேரலாம். ஆனால் நூற்றுக்கணக்கான வரிகளைத் துருவ வேண்டுவதில்லை. அந்த ஓர் எண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

இம்முறையில் மயங்கி, ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே மாட்யூலுக்குள் திணித்தேன். ‘இக்களமாயின் இவ்வாறு’ என்னும் நிபந்தனைகள் இருபதைத் தாண்டின. நான் எழுதியதைப் படித்தறிய எனக்கே ஒரு நாள் பிடித்தது. மறுநாள் பாதியைப் பிரித்து எடுத்துவிட்டேன்.