புது பேட்டரி வாங்கும் முன்

மாவனெல்லையிலிருந்து அரநாயக்க ஏறும் பாதையில் மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால், பைக் லைட் இல்லாமல் ஒரு வளைவும் தாண்ட முடியாது. அந்த லைட் மங்கினால் உடனே புது பேட்டரிக்கு ஓடாதீர்கள். தோட்டச் சம்பளத்தில் அது சின்னச் செலவில்லை. முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? வயர் ஆடுகிறதா? பாசி அடைத்த தண்ணீர்க் குழாய் மாதிரிதான், கரண்ட் சரியாகப் போகாது. என்ஜினை நிறுத்துங்கள். முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பூட்டுங்கள். இப்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே கொஞ்சம் வாஸ்லின்.

பிறகும் பேட்டரி இறங்குகிறதா? கராஜில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். என்ஜினை முறுக்கும்போது 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பல பழைய சின்ன பைக்குகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, என்ஜின் ஓட்டத்தில்தான் எரிகிறது. அதில் ஆக்சிலேட்டரை விட்டதும் வெளிச்சம் குறைவது இயல்பு. அதனால் பேட்டரியில் ஒலிக்கும் ஹோர்னை அடித்துப் பாருங்கள். அதுவும் கம்மினால், பேட்டரி முனைகளைப் பாருங்கள்.