“இதர செலவுன்னா என்னம்மா?”

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குரும்பகரம் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



கணக்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். குரும்பகரத்தில் எங்கள் குழுவுக்கு நான் ஊக்குநராக இருந்தபோது, ஒரு மாதம் கடன் தவணையை வங்கியில் கட்ட மறந்துவிட்டேன். 640 ரூபாய் அபராத வட்டி விழுந்தது. பொதுப் பணத்தில் கட்டிவிட்டு, நோட்டில் ‘இதர செலவு’ என்று எழுதினேன். கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா கேட்டாங்க: “இதர செலவுன்னா என்னம்மா? டீயா, வேன் வாடகையா?” எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு உண்மையைச் சொன்னேன். பாதியை நான் கட்டணும், பாஸ்புக்கை யாரும் பார்க்காமல் விட்டதால் மீதியைக் குழு ஏத்துக்கும் என்று தீர்மானம் ஆச்சு.

அந்த அக்கா கேட்ட கேள்வியை அரசாங்கத்திடமும் கேட்கலாம். அதிகாரிகள் செய்கிற தப்புக்கு அரசு இழப்பீடு கொடுக்கிறது. அது யார் பணம்? நாம் வாங்குகிற சோப்பிலும் வரி இருக்கிறது. அது நம்ம பணமும்தான்.

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி உங்களுக்குத் தெரியும். 1992 ஜூன் 20-ல், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் வழக்கு. அது முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் அரசு கொடுக்கணும், அதில் பாதியை வன்கொடுமை செய்த குற்றவாளிகளிடம் வசூலிக்கணும் என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவர் காத்திருக்கக் கூடாது, தப்பு செய்தவரும் தப்பக் கூடாது. நம்ம குழு 640 ரூபாய்க்குச் செய்ததும் இதே நியாயம்தான்.

கோர்ட் தீர்ப்பு ஊருக்கே தெரியும். சமரசமாகப் பேசி முடிப்பது அப்படியில்லை, கோப்புக்குள்ளேயே தூங்கிவிடும். நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994-ல் பொய் உளவு வழக்கில் கைது செய்தார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. அவர் போட்டிருந்த இன்னொரு வழக்கை முடிக்க, 2020-ல் கேரள அரசு 1 கோடியே 30 லட்சம் கொடுத்தது. தொகை வெளியே தெரிந்ததால்தான், “இதற்குக் காரணமானவர் என்ன கொடுத்தார்?” என்று நம்மால் கேட்க முடிகிறது. அமெரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினர் மேல் வந்த பாலியல் தொல்லைப் புகார்களைக்கூட அரசுப் பணத்தில் ரகசியமாக முடித்தார்கள். 2018-ல் சட்டத்தை மாற்றி, அந்தப் பணத்தை உறுப்பினரே திருப்பிக் கட்டணும், கணக்கையும் வெளியிடணும் என்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. தொகையைக் கேளுங்கள், பெண்ணின் பெயரைக் கேட்காதீர்கள். வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். காரணமும் தொகையும் ஊருக்குத் தெரியணும். அவள் முகம் தெரிய வேண்டியதில்லை.

வழி இருக்கிறது. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. 30 நாளில் பதில் தரணும். மூன்று கேள்வி எழுதுங்கள்: போன மூன்று வருஷத்தில் வழக்குகளுக்காக இழப்பீடாகவும் சமரசமாகவும் எவ்வளவு கொடுத்தீர்கள்? எதற்காக? பொறுப்பானவர்களிடம் எவ்வளவு வசூலித்தீர்கள்?

இப்படி ஒரு மனுவைக் கூட்டமைப்பு இந்த வருஷமே போடணும் என்று தீர்மானம் கேட்கிறேன். அதற்கு முன்னால், அடுத்த கூட்டத்தில் அவரவர் குழு நோட்டில் ‘இதர செலவு’ என்று இருக்கிற வரியெல்லாம் சத்தமாக வாசித்து விளக்கம் சொல்லிவிடுவோம். அப்புறம் மனுவில் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.