ரொட்டிக்கு எத்தனை பிடி மா?



சாப்பாட்டைப் பற்றி வலைப்பூ எழுதும் ஆறு பிள்ளைகளுக்குக் கலஹாவில் சின்னப் பட்டறை ஒன்று நடத்தினோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரைத் தோட்டம் பக்கத்தில்தானே. தேத்தண்ணியைப் பற்றி எழுத எல்லோரும் தயார். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியையும் சம்பலையும் எழுதச் சொன்னதும் ஒருத்தி தலைகுனிந்தாள். "அது லயத்துச் சாப்பாடு, மிஸ்."

மறுநாள் அவளுடைய அம்மாவை அழைத்தோம். மா எவ்வளவு என்றால், "கைக்குத் தெரியும்" என்றார். அவர் பிடி பிடியாகப் போட, மகள் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் குறித்தாள். 2022இல் மா விலை ஏறியபோது ரொட்டி மெலிந்ததையும் அம்மா சொன்னார். அதையும் எழுதினாள், தன் பெயரைப் போட்டே.

தூரதேசத்துத் தோழிகளே, உங்கள் அம்மாவின் கைப்பிடிக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். அந்த அம்மா சுட்ட ரொட்டி வெளியே மேசையில் இருக்கிறது. ஆறுமுன் சாப்பிடுங்கள்.