வேலைவாய்ப்பின் வாயில்கள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய நாள்முதல் கல்வியே நம் படைக்கலமாயிற்று. ஆயினும் கற்றபின் வேலை எவ்வழி வழங்கப்படுகிறது என்பதை நாம் முழுதும் அறிந்தோமில்லை.

அரசுப் பணிக்குரிய வழி வெளிப்படையானது. 1929இல் சென்னை மாகாணத்தில் தேர்வாணையம் அமைந்தது. இன்று 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சியில் 36 ஆதிதிராவிடர்க்கு உரியவை. அவற்றுள் 6 இடங்களில் அருந்ததியர்க்கு முன்னுரிமை உண்டு. அறிவிக்கை, எழுத்துத் தேர்வு, தரவரிசை ஆகிய மூன்றும் எவர் கண்ணுக்கும் புலப்படும்.

தனியார் துறையில் அவ்வாறன்று. காலியிடச் செய்தி பெரும்பாலும் உள்ளிருப்போரின் உற்றார்க்கே முதலில் எட்டுகிறது. நம்மவர் உள்ளே இல்லையெனில் செய்தியும் வாராது. தோரட், அட்டவெல் ஆகிய ஆய்வாளர்கள் ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி நிறுவனங்களுக்கு அனுப்பி, முடிவை 2007இல் வெளியிட்டனர். தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்புக் குறைவாகவே வந்தது. தகுதி ஒன்று, பெயரே வேறு!

ஆகவே நாம் செய்யத்தக்கவை இரண்டு. பணியில் உள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும் தாமறிந்த காலியிடச் செய்தியை முதுநகர் இளைஞர்க்குத் தவறாது அறிவித்தல் வேண்டும். இளைஞர்களோ தேர்வாணைய அறிவிக்கைகளைத் தாமே படித்துப் பழகுதல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமான தொகுதி 4 தேர்வில் 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கே உரியது. அது நம் தாய்மொழியன்றோ!

முன்னே நுழைந்தவர் கதவைத் திறந்து பிடிப்பதே சமுதாயத் தொண்டு. வாழ்க சங்கம்!