வேலை போனதற்குச் சான்று எங்கே?



ஒரு தொழில் நெருக்கடியில் விழும்போது யாரை முதலில் வெளியே அனுப்புவது? விமான நிறுவனங்கள் தடுமாறும்போதெல்லாம் இந்தக் கேள்வி நாடு முழுக்கப் பேசப்படுகிறது. 2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் சுமார் 800 பணியாளர்களை நீக்கியது. சீருடையோடு வீதிக்கு வந்தார்கள். ஓரிரு நாளில் நிர்வாகம் அவர்களைத் திரும்ப அழைத்தது. 2019 ஏப்ரல் 17-ல் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. பி.எஃப்., பணிக்கொடைக்கான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் பட்ட துன்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கேட்பதற்கு அவர்கள் கையில் பணி ஆணை இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சிவகாசி வட்டாரமே வேலையின்றிக் கிடந்தது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்தது. நவம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. 2019 மார்ச்சில்தான் திறந்தன. திறந்த பிறகும் சரம் பின்னிய பெண்களுக்கு அந்த வேலை சட்டப்படி இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "நிப்பாட்டிட்டோம்னு யாரும் சொல்லல தம்பி. காலையில வேன் வரல, அவ்வளவுதான்."

வேலை கொடுக்க முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று 1947 தொழில் தகராறு சட்டம் சொன்னது. ஆட்குறைப்பு என்றால் கடைசியில் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அந்தப் பாதிச் சம்பளத்துக்கு நிபந்தனைகள் உண்டு. ஆலையில் 50 பேராவது இருக்க வேண்டும். ஓராண்டுத் தொடர் பணி வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் வேண்டும். அதன் இடத்துக்கு வந்துள்ள 2020 தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் பதிவேட்டையே கேட்கிறது.

பீஸ் ரேட்டுக்கு மருந்து செலுத்துபவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? ஒரே உரிமத்தின்கீழ் இருக்கும் அறைகளை உள்குத்தகைக்குப் பிரித்து விட்டால், முதலாளி யார் என்பதே கலங்கிப் போகிறது. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் விபத்துக்குப் பிறகுதான் அந்த ஆலை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது ஊருக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தவரை எழுதப்படாத பெயர்களை, இறந்த பிறகு நிவாரணத்துக்காக எழுதுகிறார்கள்.

இது வெறும் நிர்வாகக் குறைபாடு இல்லை, தோழர்களே. நான் போன ஊர்களில் பதிவேட்டுக்கு வெளியே நிற்பவர்களில் தலித் பெண்களே அதிகம். பட்டியல் சாதி என்று அரசு அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆலையின் பட்டியலில் மட்டும் அவர்கள் இல்லை. 1899-ல் சாதி வெறியர்கள் சூறையாடிய ஊர் சிவகாசி. அன்று தாக்கப்பட்ட நாடார் சமூகம் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து தலை நிமிர்ந்தது. சாதி இழிவை உடைக்கத் தொழில் உதவும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி. அந்த நிமிர்வு ஆலைக்குள் மருந்து கலக்கும் கைகளுக்கும் சேர வேண்டாமா?

"அப்படியானால் தடையே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. டெல்லிக் குழந்தைக்கு நல்ல காற்று வேண்டும். அந்தக் காற்றுக்கான விலையைச் சாத்தூர்ப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். ஒரு தொழிலைப் பொதுநலனுக்காகச் சுருக்கினால், அதன் செலவும் பொதுச் செலவுதான்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. குத்தகைக்காரரின் ஆள் என்று சொல்லித் தள்ளாமல், உரிமம் பெற்றவரின் பதிவேட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் ஏற வேண்டும். அரசு ஆணையாலோ நீதிமன்ற ஆணையாலோ ஆலை மூடப்படும் நாட்களுக்கு, எத்தனை பேர் வேலை செய்தாலும், பீஸ் ரேட்காரர்களுக்கும் இழப்பீடு வேண்டும். மீண்டும் திறக்கும்போது ஃபோர்மேனுக்கு வேண்டியவரா என்று பார்க்காமல், பணிமூப்புப்படி கூப்பிட வேண்டும்.

யாரை முதலில் நீக்குவது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. முதலில் அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதை ஒப்புக்கொள்ளட்டும்.

ஜெய்பீம்.